அடி நனைந்த பை: ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு வழக்கின் முழு விவரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் 'பை' என்று வரும் இடமெல்லாம் துணிப்பை அல்ல. மாவுத் தட்டுக்குள் இனிப்புப் பூரணத்தை ஊற்றி அவன் (oven) என்ற அடுப்பில் சுட்டெடுக்கும் அமெரிக்கப் பலகாரம். மதுரையிலிருந்து எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்த அம்மா, "கிழங்குப் பையா? கிழங்கு வாங்கப் போற பையா?" என்று நிஜமாகவே கேட்டார், அதனால்தான்.

நான் இருப்பது வட கரோலினாவில், ராலேவுக்குப் பக்கத்தில். வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஏதாவது உடைந்தால் எப்போது உடைந்தது, எதனால், மறுபடி உடையாமல் இருக்க என்ன செய்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். அந்தப் பழக்கம் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. போன வருடம் அக்டோபரில் தொடங்கி நவம்பர் நான்காவது வியாழன், அதாவது தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் ஐந்து பை சுட்டேன். முதல் பை ஏன் கெட்டது, ஐந்தாவது பை எப்படித் தேறியது என்பதுதான் இந்த வழக்கு.

சம்பவம்

எதிர்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பின அம்மா இருக்கிறார். நாங்கள் குடிவந்த வருடம் தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒரு துண்டு சர்க்கரைவள்ளி பை கொடுத்தனுப்பினார். ஜாதிக்காய் வாசம், வெண்ணெய், லேசான உப்பு, அடியில் மொறுமொறுவென்று மாவு. அதற்கு அடுத்த வருடம் வாய்த்துடுக்காக, இந்த முறை நான் சுட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமைதான் புரிந்தது.

அன்றைக்கு நான் செய்தது இதுதான், ஒன்று விடாமல் சொல்கிறேன். கையில் இருந்தது பூசணிப் பை செய்முறை. பூசணிக்குப் பதில் கிழங்கு, அவ்வளவுதானே என்று நினைத்தேன். கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, சாம்பாருக்கு வேகவைப்பது மாதிரி தண்ணீரில் வேகவைத்தேன். மிக்ஸியில் மைய அரைத்தேன். செய்முறை ஒரு டின் எவாபரேட்டட் மில்க் கேட்டது, 354 மில்லி. வீட்டில் இல்லை, அதனால் ஃப்ரிட்ஜில் இருந்த சாதாரணப் பாலை அதே அளவுக்கு ஊற்றினேன். இரண்டு முட்டை, முக்கால் கப் சர்க்கரை, மசாலா. பச்சை மாவு பரப்பிய கண்ணாடித் தட்டில் ஊற்றி அவனில் வைத்தேன்.

55 நிமிடத்தில் வெந்திருக்க வேண்டும். நடு இன்னும் தளதளவென்று ஆடியது. 70 நிமிடம், அப்போதும் ஆடியது. 85 நிமிடத்தில் வெறுத்துப்போய் வெளியே எடுத்தேன். ஓரமெல்லாம் மே மாத ஏரி மாதிரி வெடிப்பு. வெட்டினால் கத்தி போன வழியில் தண்ணீர் கசிந்தது. அடி மாவு சாம்பாரில் ஊறிய தோசை போல இருந்தது. வாயில் வைத்தால் நார். அம்மா முட்டை சாப்பிடமாட்டார், அதனால் ருசி பார்க்கவில்லை. பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

விசாரணை

முதல் சந்தேகம் வழக்கம்போல கருவி மேல்தான். அவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். 350 டிகிரி பாரன்ஹீட் வைத்தால் 335 காட்டியது. கொஞ்சம் குறைவுதான், ஆனால் அரை மணி நேரத் தாமதத்துக்கு இது போதாது. அவனை விடுதலை செய்தேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். மேலே வெடிப்பு, நடுவில் கசிவு, அடியில் நனைவு. மூன்றையும் தனித்தனிக் குற்றமாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் உண்டு. ஆனால் ஒரே நாளில் மூன்று குற்றம் நடந்தால் குற்றவாளி ஒருவனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இது வேலையில் கற்றது. இங்கே அந்த ஒருவன் தண்ணீர்.

எப்படி என்றால், இந்தப் பையின் பூரணம் அடிப்படையில் கஸ்டர்ட். முட்டையின் புரதம் பாலையும் கிழங்கையும் வலை மாதிரி பிடித்துக்கொண்டு சுமார் 80 டிகிரி செல்சியஸில் இறுகுகிறது. அதைத் தாண்டிச் சூடேற்றிக்கொண்டே போனால் வலை சுருங்கும், பிடித்து வைத்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும், மேற்பரப்பு வெடிக்கும். என் பூரணத்தில் தண்ணீர் அதிகம், அதனால் நடு இறுக நேரம் எடுத்தது. நடு இறுகட்டும் என்று காத்திருந்த நேரத்தில் ஓரம் எல்லை தாண்டிப்போய் வெடித்தது. பிழிந்து வந்த தண்ணீரும் ஆரம்பத்திலேயே நீர்த்துப்போயிருந்த பூரணமும் சேர்ந்து பச்சை மாவுக்குள் இறங்கிவிட்டன. மூன்று புகாருக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. நார் மட்டும் தனி வழக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? பால் வெட்டவெளிச்சம். எவாபரேட்டட் மில்க் என்பது பாலிலிருந்து பாதிக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கி எடுத்தது. அதன் இடத்தில் சாதாரணப் பாலை ஊற்றினால் அந்தத் தண்ணீர் முழுவதையும் நானே திருப்பி ஊற்றிய மாதிரி. கிழங்கைச் சந்தேகித்தது நான் இல்லை, அம்மா. "ஏண்டி, தோலைச் சீவி துண்டு போட்டு தண்ணியில போட்டா அது தண்ணிதானே குடிக்கும்? இட்லிப் பானையில தோலோட வைக்க வேண்டியதுதானே" என்றார். தராசை எடுத்தேன். சீவிய துண்டு 500 கிராம் தண்ணீரில் வெந்து, வடித்த பிறகு 515 கிராம். முழுக் கிழங்கு 500 கிராம் அவனில் தோலோடு ஒன்றேகால் மணி நேரம் சுட்டு, தோலை உரித்த பிறகு 360 கிராம். தோலின் எடையைக் கழித்தாலும் ஒரு பைக்கு வேண்டிய விழுதில் அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் வித்தியாசம் வருகிறது. நான் அதைக் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

இதற்கு ஒரு பழைய சாட்சியும் இருக்கிறது. தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, பின்னாளில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஊறுகாயும் சமையலுமாகப் பேர் வாங்கிய ஆபி ஃபிஷர் என்ற அம்மையார், எழுதப் படிக்கத் தெரியாததால் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு 1881-இல் வெளிவந்த சமையல் புத்தகத்தில் சர்க்கரைவள்ளி பை இருக்கிறது. இரண்டு பவுண்டு கிழங்கு, இரண்டு பைக்கு. கிழங்கு வெந்த பிறகுதான் தோல் உரிக்கச் சொல்கிறார். பால் எவ்வளவு தெரியுமா? ஒரு கில், அதாவது அரை கப், ஏறக்குறைய 120 மில்லி, அதுவும் இரண்டு பைக்கும் சேர்த்து. ஐந்து முட்டை வேறு. நான் ஒரே பையில் அதைப்போல மூன்று பங்கு பாலைக் கொட்டியிருக்கிறேன். பூசணிப் பை செய்முறைக்குக் கிழங்கைப் பொருத்தியதுதான் மூலத் தவறு. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனால் பூசணிப் பை அமெரிக்க வடக்கத்திக்காரர்களின் மெல்லிய கஸ்டர்ட், சர்க்கரைவள்ளிப் பை தெற்கே கறுப்பின மக்களின் சமையலறையில் வளர்ந்த கனமான பண்டம்.

பெயர்க் குழப்பம், ஊடே ஒரு நடை

கடைக்குக் கிழங்கு வாங்கப் போனால் பாதி அட்டையில் 'யாம்' என்று எழுதியிருக்கும். அகராதியைப் பார்த்து அம்மா சேனைக்கிழங்கைத் தேடினார். உண்மையில் யாம் என்பது நம் பெருவள்ளி, சிறுவள்ளிக் குடும்பம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் தங்கள் ஊர்க் கிழங்கின் பெயரை இங்கே கிடைத்த சர்க்கரைவள்ளிக்கு வைத்தார்கள் என்பார்கள். 1930களில் லூசியானாக்காரர்கள் தங்களுடைய ஈரமான ஆரஞ்சு நிறக் கிழங்கை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்ட அதே பெயரை வியாபாரத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் யாம் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது சர்க்கரைவள்ளிதான்.

நான் வசிக்கும் மாநிலம் இதற்குத் தலைநகர் மாதிரி. 1971 முதல் அமெரிக்காவிலேயே அதிகம் விளைவது இங்கேதான், 1995-இல் மாநிலக் காய்கறியாகவே அறிவித்துவிட்டார்கள். வயல்களில் பெரும்பாலும் இருப்பது இங்கத்திய மாநிலப் பல்கலைக்கழகம் 2005-இல் வெளியிட்ட கோவிங்டன் என்ற ரகம். தோண்டியவுடன் கிழங்கு அவ்வளவு இனிக்காது. சுமார் 30 டிகிரி வெப்பத்திலும் நல்ல ஈரக்காற்றிலும் ஒரு வாரம் போல வைத்துப் பதப்படுத்துகிறார்கள், வெட்டுக்காயம் ஆறித் தோல் கெட்டிப்படும், பிறகு கிடங்கில் இருக்க இருக்க இனிப்பு ஏறும். என் முதல் பைக்கு சாலையோரக் கடையில் மண் ஒட்டியபடி, அன்று காலை தோண்டியதை ஆசையாக வாங்கினேன். புதுசு என்றால் நல்லது என்ற நம் புத்தி இந்தக் கிழங்கிடம் செல்லாது.

ஃப்ரிட்ஜும் கூடாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் கிழங்குக்குக் குளிர் தாக்கி, எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டை மாதிரி நின்றுவிடும். மூன்று கிழங்கை இப்படி வீணாக்கினேன்.

திருத்தங்கள்

இரண்டாவது பையில் கிழங்கை மட்டும் மாற்றுவதாகத் திட்டம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. கிழங்கை முழுசாக அவனில் சுட்டேன். தோலிலிருந்து தேன் மாதிரி கசிந்து தட்டில் கருகியது, வீடெல்லாம் வாசம். மெதுவாகச் சுடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கிழங்கில் இருக்கும் ஒரு நொதி, 57-லிருந்து 77 டிகிரி வரைக்கும் உள்ள வெப்பத்தில் மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக மாற்றுகிறது. முழுக் கிழங்கு அவனில் மெல்லச் சூடேறும்போது அந்த இடைவெளியில் நெடுநேரம் இருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் சில நிமிடத்தில் தாண்டிப் போய்விடும், அதனால் இனிப்பும் குறையும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வேறு வேறு கிழங்கு என்றே நினைப்பீர்கள்.

ஆனால் இரண்டாவது பையும் தோற்றது, காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பாலை மாற்றக் கூடாது என்பது திட்டம், ஆனாலும் கணவரைக் கடைக்கு அனுப்பி டின் பால் வாங்கிவரச் சொன்னேன். நம் ஊர்க்காரருக்கு டின் பால் என்றால் மில்க்மெய்ட். அவர் வாங்கிவந்தது கண்டென்ஸ்ட் மில்க். நானும் பார்க்காமல் முழு டின்னையும் ஊற்றிவிட்டேன். திருநெல்வேலி அல்வாவே கூச்சப்படும் இனிப்பு. "டின் பால்னுதான சொன்ன?" என்று அவர் இன்றுவரை வாதாடுகிறார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் ஒரு தகவல் கிடைத்தது: மேலே வெடிப்பு இல்லை, கசிவும் இல்லை.

மூன்றாவதில் சரியான டின், அதிலும் 150 மில்லி மட்டும். பூரணம் முதல்தரம். அடி இன்னும் வெளிறிப்போய் லேசாக நமுத்திருந்தது. மேலும் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை, ஆப்பம் மாதிரி. ஓட்டைக்குக் காரணம் மிக்ஸி, காற்றை அடித்து உள்ளே ஏற்றிவிடுகிறது. நார்ப் பிரச்சினைக்கும் அதுதான் காரணம் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். மிக்ஸி நாரை நறுக்கி உள்ளேயே விட்டுவிடும், கைப்பிடி எலக்ட்ரிக் பீட்டரால் வெறும் கிழங்கை அடித்தால் நார் கம்பியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். அதைக் கழுவிவிட்டு மறுபடி அடி, மூன்று முறை, என்றார். செய்து பார்த்தேன். தலைமுடி சிக்கெடுத்த சீப்பு மாதிரி கம்பி நிறைய நார். இந்த ஒரு குறிப்புக்காகவே அவருக்கு வாழ்நாள் முழுக்கப் பை சுட்டுத் தரலாம்.

அடி விஷயத்தில் மட்டும் அவரும் நானும் ஒத்துப்போகவில்லை. அவர் பச்சை மாவில்தான் பூரணத்தை ஊற்றுகிறார், மாவை முன்கூட்டிச் சுடுவதெல்லாம் தேவையில்லாத வேலை என்கிறார். ஆனால் அவருக்கு அடி மொறுமொறுக்கிறது. போய் நேரில் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அவருடையது மெல்லிய பழைய அலுமினியத் தட்டு, அவனின் கீழ்த்தட்டில் வைக்கிறார், கிழங்கை முதல் நாளே தோலோடு வேகவைத்து ராத்திரி முழுக்க வடிதட்டில் ஆறவிடுகிறார். ஈரமில்லாத பூரணம், சூட்டைச் சட்டென்று கடத்தும் தட்டு. என்னுடையது தடித்த கண்ணாடி, நடுத்தட்டு. கண்ணாடி சூடேறி மாவுக்குக் கடத்துவதற்குள் பூரணம் தன் வேலையைக் காட்டிவிடும்.

நான்காவது பையில் அலுமினியத் தட்டு, கீழ்த்தட்டு, கூடவே முன்சூடும், அதாவது பூரணம் ஊற்றுமுன் மாவை மட்டும் சுடுவது. முன்சூடு எனக்கு ஒரு காப்பீடு மாதிரி, அதை விட மனசு வரவில்லை. மாவைத் தட்டில் பரப்பி அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து (இல்லாவிட்டால் சுடும்போது சுவர் சுருங்கி உள்ளே விழும்), மேலே பேக்கிங் தாள், தாளின் மேல் கனத்துக்கு வேகாத காய்ந்த கொண்டைக்கடலை நிறைய. 400 பாரன்ஹீட்டில் 15 நிமிடம், கடலையை எடுத்துவிட்டு இன்னும் 8 நிமிடம். அந்தக் கடலையை அப்புறம் சுண்டலுக்குப் போட முடியாது, ஒரு டப்பாவில் வைத்து இதற்கே பயன்படுத்துங்கள். மாவு பிசைய நேரமில்லாதவர்கள் கடையில் உறையவைத்து விற்கும் மாவுத் தட்டை வாங்கலாம், தப்பே இல்லை. நான்காவது பை ஆடவில்லை, வெடிக்கவில்லை, கசியவில்லை. தட்டைச் சாய்த்துப் பார்த்தேன், அடி பிஸ்கட் நிறம்.

கடைசியில் நின்ற அளவு

23 செண்டிமீட்டர் தட்டுக்கு: சுட்டு உரித்து நாரெடுத்த விழுது 450 கிராம், உருகிய வெண்ணெய் 80 கிராம், நாட்டுச்சர்க்கரை மாதிரி இருக்கும் பிரவுன் ஷுகர் 130 கிராம், முட்டை 3, எவாபரேட்டட் மில்க் 150 மில்லி, உப்பு அரை டீஸ்பூன், துருவிய ஜாதிக்காய் அரை டீஸ்பூன், பட்டைத் தூள் அரை, வனிலா ஒன்று. கிராம்பு வேண்டாம் என்பது என் கட்சி, கால் டீஸ்பூன் போட்டாலே பல்வலி மருந்து மாதிரி ஆகிவிடுகிறது. 350 பாரன்ஹீட்டில் 45 முதல் 50 நிமிடம். ஓரம் உப்பி, நடுவில் ஒரு உள்ளங்கை அளவு மட்டும் தளும்பும்போதே எடுத்துவிடுங்கள், மீதி வெளியே வந்து தன் சூட்டிலேயே இறுகும். ஆற மூன்று மணி நேரம். சூட்டில் வெட்டினால் பாயசம்தான் கிடைக்கும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், முட்டையும் பாலும் சேர்ந்தது ராத்திரி முழுக்க மேடையில் கிடக்கக் கூடாது.

மாறுதல்கள்

ஃபிஷர் அம்மையார் பூரணத்தில் ஒரு ஆரஞ்சுப்பழச் சாறும் அரைப் பழத்தின் தோல் துருவலும் சேர்க்கிறார். நான் தோலை மட்டும் துருவிப் போட்டேன், சாறு வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும். எல்லா மாறுதலிலும் எனக்குப் பிடித்தது இதுதான். மேலே பீகன் கொட்டையை வெல்லப்பாகில் பரப்பிச் சுடுவது தனி ருசி, ஆனால் கிழங்கு காணாமல் போய்விடுகிறது. மேலே மார்ஷ்மெல்லோ மிட்டாய் பரப்புவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

கிழங்கே இல்லாத ஒரு பங்காளியும் உண்டு. நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம் இயக்கத்தின் தலைவர் எலைஜா முகம்மது சர்க்கரைவள்ளியைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி, நேவி பீன்ஸ் என்ற சின்ன வெள்ளை பீன்ஸைப் பரிந்துரைத்தார். அதே மசாலாவோடு அந்த பீன்ஸை மசித்துச் செய்த பீன் பை இன்றும் பல நகரங்களில் விற்கிறது. இன்னொரு பக்கம், கடைப் பையும் ஒரு வருடம் கொண்டாட்டமானது. 2015 நவம்பரில் பாடகி பாட்டி லபெல் பெயரில் வந்த சர்க்கரைவள்ளிப் பை, ரசிகர் ஒருவர் பாடிக்கொண்டே ருசி சொன்ன வீடியோவால் கடை கடையாகத் தீர்ந்துபோனது. அவர் பெயரைத் தமிழில் எழுதினால் தானாகவே பாட்டி ஆகிவிடுகிறார், பைக்குப் பொருத்தம்தான்.

கருப்பட்டி போட்டுப் பார்க்காமல் விடுவேனா? பாகு காய்ச்சி வடிகட்டி ஊற்றினால் மறுபடி தண்ணீர். மண் இல்லாத கருப்பட்டியாகப் பார்த்துத் துருவி, சூடில்லாத விழுதில் கலந்தேன். சூட்டில் பாலோடு சேர்த்தால் திரிந்துவிடும், பாயசத்தில் பட்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். பட்டைக்குப் பதில் சுக்கும் ஏலமும். நன்றாக இருந்தது, ஆனால் நிறம் கறுத்துப்போய் வெந்ததா வேகவில்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை, தெர்மாமீட்டரைக் குத்தித்தான் பார்த்தேன்.

ஐந்தாவது பை, ஆரஞ்சுத் தோல் போட்டது, வியாழக்கிழமை மதியம் எதிர்வீட்டுக்குப் போனது. அவர் உடனே வாயில் வைக்கவில்லை. துண்டை முள்கரண்டியால் நிமிர்த்தி அடியைப் பார்த்தார். கரண்டியால் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் சாப்பிட்டார். ஜாதிக்காய் கொஞ்சம் தூக்கல் என்றார், இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டார்.

இன்னும் மூடாத புகார் ஒன்று இருக்கிறது, அம்மாவுடையது. முட்டையில்லாத பை. 20 கிராம் சோளமாவு போட்டுச் செய்தேன். முட்டை மாதிரி 80-இல் நிறுத்தக் கூடாது, சோளமாவு கெட்டிப்பட நடுவிலும் 95 டிகிரி வர வேண்டும், அதனால் நேரம் கூடுதல். வெடிக்கவில்லை, அழகாக வெட்ட வந்தது. அம்மா ஒரு துண்டு முழுக்கச் சாப்பிட்டு, "அடி நல்லா மொறுமொறுன்னு இருக்குடி, மேலதான் களி கிண்டி வச்சிருக்க" என்றார். சரியான தீர்ப்பு. சோளமாவைப் பாதியாக்கி, கொஞ்சம் தேங்காய்ப்பால், அதுவும் முதல் பால் மட்டும் சேர்த்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அவர் ஊருக்குக் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, கிழங்கு மேடைக்கடியில் இரண்டு கிலோ இருக்கிறது.